ஒற்றைக் காலில் ஓடிய தூரம்



ஊரில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால் என்ன நடக்கிறது? உறவினர் கூடுகிறார்கள். நகை அடகுக்குப் போகிறது. பக்கத்து வீட்டார் நூறோ இருநூறோ கொடுக்கிறார்கள். கடைத்தெருவில் துண்டை விரித்துப் பிடித்து வசூல் செய்யும் இளைஞர்களும் உண்டு. கண்ணெதிரே ஓர் ஆள் படுத்திருக்கிறார். அவருடைய முகத்தைப் பார்த்துக் கொடுக்கிறார்கள்.

இப்போது வேறு ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "இன்னும் கண்டுபிடிக்காத ஒரு மருந்துக்காகப் பணம் கொடுங்கள். இனிமேல் நோய் வரப்போகிற யாருக்கோ அது உதவும்" என்று கேட்கிறார். கொடுக்கக் கை வருமா? வராது. ஆராய்ச்சி என்ற சொல்லுக்கு முகம் இல்லை. அது அழுவதும் இல்லை, கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுவதும் இல்லை.

கனடா நாட்டில் ஓர் இளைஞர் அப்படித்தான் கேட்டார். ஓர் இடத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்கவில்லை. ஒரு சொந்தக் காலோடும் ஒரு செயற்கைக் காலோடும் 143 நாள் ஓடிக்கொண்டே கேட்டார். அவர் பெயர் டெர்ரி ஃபாக்ஸ். ஓடத் தொடங்கியபோது அவருக்கு வயது 21.

கனடா மிகப் பெரிய நாடு. பரப்பளவில் உலகில் இரண்டாவது இடம் அதற்கு. ஆனால் மக்கள் குறைவு. 1980ஆம் ஆண்டில் அங்கே இருந்தவர்கள் சுமார் 2 கோடியே 40 லட்சம் பேர்தான். கிழக்கே அட்லாண்டிக் கடல், மேற்கே பசிபிக் கடல். குளிர்காலத்தில் பெரும்பகுதி பனியில் மூடிக் கிடக்கும். அந்த நாட்டில் வின்னிபெக் என்ற நகரில் 1958ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள் டெர்ரி பிறந்தான். அப்பா ரயில்வே தொழிலாளி. ரயில் பெட்டிகளைத் தண்டவாளம் மாற்றிச் சேர்க்கும் வேலை. வீட்டில் நான்கு பிள்ளைகள். பிற்பாடு குடும்பம் மேற்குக் கரைக்குப் பக்கத்தில், போர்ட் கொக்விட்லம் என்ற ஊரில் குடியேறியது.

பள்ளிக்கூடத்தில் டெர்ரிக்குக் கூடைப்பந்து என்றால் உயிர். ஆனால் ஆள் குள்ளம். ஆட்டமும் சுமார். பந்து விளையாட்டு உனக்குச் சரிப்படாது, ஓடிப் பார் என்று உடற்பயிற்சி ஆசிரியர் சொன்னார். ஆசிரியர் சொல்லைத் தட்டக் கூடாது என்று டெர்ரி ஓடவும் செய்தான். பந்தையும் விடவில்லை. எட்டாம் வகுப்பில் அவன் பள்ளிக் குழுவில் பத்தொன்பதாவது ஆள். குழுவில் இருந்ததே பத்தொன்பது பேர்தான். அந்த ஆண்டு முழுவதற்கும் சேர்த்து அவன் களத்தில் ஆடியது ஒரே ஒரு நிமிடம். அதற்காகச் சோர்ந்துவிடவில்லை. நண்பன் டக் ஆல்வர்டுடன் சேர்ந்து விடாமல் பயிற்சி செய்தான். பத்தாம் வகுப்பில் முதல் ஐந்து பேரில் ஒருவனாக இறங்கினான். பள்ளியின் கடைசி ஆண்டில் சிறந்த விளையாட்டு வீரருக்கான பரிசை அந்த இரண்டு நண்பர்களும் பங்கிட்டுக்கொண்டார்கள்.

பிறகு பல்கலைக்கழகம். அங்கேயும் கூடைப்பந்துக் குழுவில் இடம். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது.

1976ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு கார் விபத்து. பெரிய காயம் இல்லை. வலது முழங்காலில் மட்டும் வலி. விளையாடுகிறவனுக்கு முழங்கால் வலி புதிதா என்ன? டிசம்பரிலும் வலித்தது. விளையாட்டுப் பருவம் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டான். 1977 மார்ச்சில் வலி தாங்க முடியாமல் மருத்துவமனைக்குப் போனான். முழங்கால் எலும்பில் புற்றுநோய் என்றார்கள். விபத்தினால்தான் நோய் வந்தது என்று அவன் கடைசிவரை எண்ணிக்கொண்டிருந்தான். மருத்துவர்கள் அப்படி இல்லை என்றார்கள். அடிபட்டால் புற்றுநோய் வந்துவிடாது. ஆனால் அடிபட்ட இடத்தைக் கவனிக்கும்போது முன்பே இருந்த நோய் கண்ணில் படுவது உண்டு.

புற்றுநோய் என்பது என்ன? உடம்பு கோடிக்கணக்கான நுண்ணிய உயிரணுக்களால் ஆனது. அவை அளவோடு பெருகும், அளவோடு அழியும். ஏதோ ஓர் இடத்தில் சில அணுக்கள் கட்டுக்கு அடங்காமல் பெருகத் தொடங்கினால் அதுதான் புற்று. தொட்டால் ஒட்டிக்கொள்கிற நோய் அல்ல. நோயாளியின் தட்டில் சாப்பிட்டால் வருவதும் அல்ல. அவர் துணியைத் துவைத்தால் வருவதும் அல்ல. பல ஊர்களில் இந்த வீண் பயத்தால் நோயாளியைத் தனி அறையில் ஒதுக்கிவிடுகிறார்கள். நோயைவிட இந்த ஒதுக்கல்தான் அவரை அதிகம் வாட்டுகிறது.

புற்றுநோயில் பல வகை உண்டு. டெர்ரிக்கு வந்த வகை, வளர்கிற வயதில் இருக்கும் பிள்ளைகளையும் இளைஞர்களையும்தான் அதிகம் பிடிக்கும். பெரும்பாலும் முழங்காலை ஒட்டிய எலும்பில் வரும். அங்கிருந்து ரத்தத்தின் வழியாக நுரையீரலுக்குப் போய்ச் சேரும்.

காலை முழங்காலுக்கு மேலே வெட்டி எடுக்க வேண்டும் என்றார்கள். பதினெட்டு வயது. அதற்கு முந்தின மாதம்வரை பந்தோடு துள்ளியவன். முதலில் அழுதான். அறுவை சிகிச்சைக்கு முந்தின இரவு, பள்ளிக்கால விளையாட்டுப் பயிற்சியாளர் ஒருவர் ஒரு பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் டிக் டிராம் என்ற அமெரிக்கரைப் பற்றி ஒரு கட்டுரை இருந்தது. அவர் செயற்கைக் காலோடு நியூயார்க் நகர மராத்தான் ஓட்டத்தை ஓடி முடித்தவர். மராத்தான் என்றால் 42 கிலோமீட்டரும் கொஞ்சமும். நல்ல கால் உள்ளவர்களே ஓடி முடித்துவிட்டு இரண்டு நாள் நொண்டுகிற தூரம் அது. படித்துவிட்டு டெர்ரி படுத்தான். மறுநாள், மார்ச் 9ஆம் தேதி, கால் போயிற்று. ஒரு பத்திரிகைக் கட்டுரை மனத்தில் விழுந்துவிட்டது.

அதன்பிறகு பதினாறு மாதம் மருந்துச் சிகிச்சை. கீமோதெரபி என்று சொல்கிறார்களே, அதுதான். முடி கொட்டியது. ஓயாமல் வாந்தி. ஆனால் டெர்ரியை உலுக்கியது தன் உடம்பின் வேதனை மட்டும் அல்ல. அந்த மருத்துவமனையில் பக்கத்துப் படுக்கைகளில் இருந்தவர்களை அவர் பார்த்தார். தன்னைவிடச் சின்னப் பிள்ளைகள். இன்றைக்கு இருந்தவர் நாளைக்கு இல்லை.

அங்கே அவர் ஒரு கணக்கைத் தெரிந்துகொண்டார். அந்தக் கணக்குதான் அவருடைய வாழ்க்கையைத் திருப்பிவிட்டது. அவரைப் போன்ற நோயாளிகளில் பாதிப் பேர் பிழைக்க வாய்ப்பு உண்டு என்று மருத்துவர்கள் சொன்னார்கள். நூற்றுக்கு ஐம்பது. அதே நோய் இரண்டு ஆண்டு முன்னால் வந்திருந்தால்? நூற்றுக்குப் பதினைந்து.

இரண்டே ஆண்டில் என்ன மாறியது? கோரைப்புல்லை நினைத்துப் பாருங்கள். மேலே அறுத்துவிட்டால் வயல் சுத்தமாகத் தெரியும். ஆனால் மண்ணுக்குள் கிழங்கு இருக்கும். பத்து நாளில் மறுபடியும் தலை காட்டும். இந்த எலும்புப் புற்றும் அப்படித்தான். காலை வெட்டி எடுத்தாலும், கண்ணுக்குத் தெரியாத சில அணுக்கள் அதற்கு முன்பே நுரையீரலுக்குப் போய் ஒளிந்திருக்கும். சில மாதம் கழித்து அங்கே முளைக்கும். அந்தக் கிழங்கை அழிக்க, அறுவைக்குப் பிறகு மருந்து கொடுத்துப் பார்க்கலாமே என்று ஆராய்ச்சியாளர்கள் முயன்றார்கள். எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை? ஆய்வுக்கூடத்தில் அணுக்கள்மீது சோதித்தார்கள். விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு சில நோயாளிகள், அதன்பின் பல நோயாளிகள். தோற்றுப்போன மருந்துகளும் ஏராளம். ஒவ்வொரு படிக்கும் காலமும் பணமும் வேண்டும். அப்படி யாரோ செய்த வேலையின் பலன்தான் டெர்ரியின் கையில் ஊசியாக ஏறியது.

இதிலிருந்து டெர்ரி ஒரு முடிவுக்கு வந்தார். இரண்டு ஆண்டு ஆராய்ச்சி இவ்வளவு செய்யும் என்றால், இன்னும் அதிகப் பணம் கொடுத்தால் இன்னும் எத்தனை பேர் பிழைப்பார்கள்? நாட்டில் ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் பணம் மிகக் குறைவு என்பது அவருக்குக் கோபமாகவே இருந்தது. கோபம் என்ற சொல் இங்கே சரியானது. அவர் சாந்தமான சாமியார் அல்லர். முன்கோபி, பிடிவாதக்காரர். கூட இருந்தவர்கள் எல்லாரும் அதைச் சொல்லியிருக்கிறார்கள்.

செயற்கைக் காலோடு முதலில் நடக்கப் பழகினார். சக்கர நாற்காலியில் அமர்ந்து ஆடும் கூடைப்பந்துக் குழுவில் சேர்ந்து தேசிய அளவில் வென்றார். பிறகு ஓட்டப் பயிற்சி. செயற்கைக் காலில் ஓடுவது எப்படி என்று சொல்லித்தர ஆள் இல்லை. அந்தக் கால் நடக்கச் செய்தது, ஓடச் செய்தது அல்ல. உலோகமும் கண்ணாடியிழையும் கொண்ட கனமான கால். அதைத் தூக்கி முன்னால் வீச நேரம் பிடிக்கும். அதுவரை நல்ல காலால் ஒரு தத்து கூடுதலாகத் தத்த வேண்டும். இரண்டு தத்து, ஒரு எட்டு. மறுபடி இரண்டு தத்து, ஒரு எட்டு. அந்த ஓட்டத்தைப் படம் பிடித்திருக்கிறார்கள். பார்த்தவர் மறக்க முடியாத ஓட்டம் அது.

வெட்டுண்ட தொடையின் முனை செயற்கைக் காலின் குழிக்குள் உரசி உரசிக் கொப்புளம் விடும். கொப்புளம் உடைந்து ரத்தம் கசியும். சுமார் இருபது நிமிடம் ஓடியபின் வலி ஓர் எல்லையைத் தாண்டிவிடும், பிறகு பழகிவிடும் என்று அவர் சொல்வார். ஓராண்டுக்கு மேல் பயிற்சி நடந்தது. பயிற்சியில் மட்டும் ஓடிய தூரம் 5,000 கிலோமீட்டருக்கு மேல். கிறிஸ்துமஸ் அன்று ஒருநாள் ஓடாமல் இருந்தார். அதுவும் அம்மா கேட்டுக்கொண்டதற்காக.

1979 செப்டம்பரில் ஒரு 27 கிலோமீட்டர் பந்தயத்தில் கலந்துகொண்டார். கடைசியாக வந்தார். அவருக்கு முன்னால் வந்த கடைசி ஆளுக்கும் பத்து நிமிடம் பின்னால். ஆனால் எல்லைக்கோட்டில் நின்றவர்கள் கண்ணீரோடு கைதட்டினார்கள். அதற்குப் பிறகுதான் தன் மனத்தில் இருந்ததை வீட்டில் சொன்னார். கனடாவை ஒரு கரையிலிருந்து மறு கரைவரை ஓடிக் கடக்கப் போகிறேன், ஆராய்ச்சிக்கு நிதி திரட்டப் போகிறேன் என்றார். உனக்கென்ன பைத்தியமா என்று அம்மா சத்தம் போட்டார். எந்தத் தாய் சத்தம் போடமாட்டாள்? அப்பா கேட்டது ஒன்றுதான்: எப்போது புறப்படுகிறாய்?

1979 அக்டோபரில் கனடாப் புற்றுநோய்ச் சங்கத்துக்கு டெர்ரி ஒரு கடிதம் எழுதினார். தனக்காக எதுவும் கேட்கவில்லை. மருத்துவமனையில் தான் பார்த்த முகங்களைப் பற்றி எழுதினார். சிரித்துக்கொண்டிருந்த முகங்கள், சிரிப்பை விட்டுவிட்ட முகங்கள். தன் சிகிச்சை முடிந்துவிட்டது என்பதற்காக அவர்களை மறந்துவிட முடியாது என்று எழுதினார். சங்கத்தார் முதலில் அவ்வளவாக நம்பவில்லை. வண்டிக்கும் பெட்ரோலுக்கும் நீயே ஆள் பிடித்துக்கொள், மருத்துவரிடம் சான்றிதழ் வாங்கி வா என்றார்கள். மருத்துவர் சோதித்தபோது இதயம் சற்றுப் பெருத்திருப்பது தெரிந்தது. கவனமாக இருக்கச் சொல்லி அனுமதித்தார்கள். ஒரு நிறுவனம் வேன் கொடுத்தது, ஒன்று பெட்ரோல், ஒன்று காலணி. எங்கள் சரக்குக்கு விளம்பரம் செய்ய வேண்டும் என்று நிபந்தனை போட்டவர்களிடம் டெர்ரி வாங்கவில்லை. இந்த ஓட்டத்தில் ஒருவரும் சம்பாதிக்கக் கூடாது என்பது அவருடைய சட்டம்.

1980 ஏப்ரல் 12. கனடாவின் கிழக்கு ஓரத்தில் செயின்ட் ஜான்ஸ் துறைமுகம். டெர்ரி தன் செயற்கைக் காலை அட்லாண்டிக் கடல் நீரில் நனைத்தார். இரண்டு புட்டிகளில் கடல்நீரை நிரப்பிக்கொண்டார். ஒன்று நினைவுக்கு. மற்றொன்றை மேற்கே விக்டோரியா நகரில் பசிபிக் கடலில் ஊற்றுவதற்கு. இடையில் இருந்த தூரம் 8,000 கிலோமீட்டருக்கு மேல். வேனை ஓட்ட நண்பர் டக் ஆல்வர்ட் வந்தார். இந்த ஓட்டத்துக்கு வைத்த பெயர், நம்பிக்கை மராத்தான்.

முதல் நாட்களில் பேய்க்காற்று, மழை, பனிப்புயல். ரோட்டில் ஆளே இல்லை. நாளுக்கு ஏறத்தாழ 42 கிலோமீட்டர், அதாவது ஒரு முழு மராத்தான். அடுத்த நாள் இன்னொரு மராத்தான். போர்ட் ஓ பாஸ்க் என்ற ஊரில் இருந்தவர்கள் சுமார் 10,000 பேர். அவர்கள் 10,000 டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள். தலைக்கு ஒரு டாலர். டெர்ரிக்கு அங்கேதான் ஒரு கணக்கு உதித்தது. நாட்டில் உள்ள ஒவ்வொருவரும் ஒரு டாலர் கொடுத்தால்? முதலில் அவர் நினைத்த இலக்கு 10 லட்சம் டாலர். பிறகு அது ஒரு கோடி ஆனது. கடைசியில், நாட்டில் எத்தனை பேரோ அத்தனை டாலர் என்று ஆனது.

எல்லா ஊரும் அப்படி இருக்கவில்லை. சில இடங்களில் வசூலே இல்லை. க்யூபெக் மாநிலத்தில் பிரெஞ்சு மொழி பேசுகிறார்கள். டெர்ரிக்கும் டக்குக்கும் அந்த மொழி வராது. எதற்காக ஓடுகிறார் என்று பலருக்குத் தெரியவில்லை. வண்டிக்காரர்கள் ரோட்டைவிட்டு ஒதுங்கச் சொல்லி விரட்டினார்கள். வேனுக்குள்ளும் நிம்மதி இல்லை. இரண்டு நண்பர்களுக்கும் சண்டை வந்து, பேச்சே நின்றுபோன நாட்களும் உண்டு. பதினேழு வயதுத் தம்பி டேரல் வந்து சேர்ந்து இருவருக்கும் நடுவில் பாலமாக இருந்தான். பெரிய காரியம் செய்தவர்கள் எல்லாம் எப்போதும் சிரித்த முகமாக இருந்தார்கள் என்று புத்தகங்களில் எழுதுவார்கள். ஒரே வேனில் வாரக்கணக்காக வாழ்ந்து பார்த்தவர்களுக்குத்தான் உண்மை தெரியும்.

மான்ட்ரியல் நகரை அடைந்தபோது வழியில் மூன்றில் ஒரு பங்கு முடிந்திருந்தது. வசூல் 2 லட்சம் டாலர். இலக்கோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகை இல்லை. அங்கே ஓர் ஓட்டல் முதலாளி உதவிக்கு வந்தார். இசடோர் ஷார்ப் என்று பெயர். அவருடைய மகன் புற்றுநோயால் இறந்து இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. டெர்ரி ஓடும் ஒவ்வொரு மைலுக்கும் இரண்டு டாலர் கொடுப்பதாகச் சொன்னார். மற்ற நிறுவனங்களையும் கொடுக்கச் சொல்லி அழைத்தார்.

அதன்பிறகு ஆன்டாரியோ மாநிலத்துக்குள் நுழைந்ததும் நிலைமை மாறிவிட்டது.  தலைநகர் ஒட்டாவாவில் பிரதமர் பியர் ட்ரூடோ அவரைச் சந்தித்தார். ஜூலை 11 அன்று டொரன்டோ நகரச் சதுக்கத்தில் 10,000 பேர் கூடினார்கள். அன்று ஒருநாளில் மட்டும் ஒரு லட்சம் டாலர் சேர்ந்தது. ரோட்டோரம் நின்றவர்கள் ஓடுகிறவர் கையிலேயே நோட்டைத் திணித்தார்கள். காவல்துறை வண்டி முன்னும் பின்னும் வந்தது.

டெர்ரி எப்போதும் அரைக்கால் சட்டையில்தான் ஓடினார். செயற்கைக் கால் எல்லாருக்கும் தெரியும்படி. காலை மறைத்தால் பிள்ளைகள் அதைக் கண்டு பயப்படுவார்கள், மறைக்காவிட்டால் கேள்வி கேட்பார்கள். பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் கேட்டார்கள். அவரும் காலைக் காட்டி விளக்கினார். வழியில் ஓர் ஊரில், அதே நோயால் காலை இழந்த பத்து வயதுச் சிறுவன் ஒருவன் சைக்கிளில் அவர் பின்னாலேயே வந்தான். இந்தப் பயணத்தில் தன்னை மிகவும் நெகிழவைத்த நாள் அதுதான் என்று டெர்ரி சொன்னார்.

ஆராய்ச்சிக்கு முகம் இல்லை என்று முதலில் சொன்னோம் அல்லவா? அந்தக் கோடையில் கனடாவில் அதற்கு ஒரு முகம் கிடைத்தது. சுருட்டை முடியும் வியர்வையும் வலியில் இறுகிய வாயுமாக ஒரு முகம்.

ஒன்றை இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். டெர்ரி ஓய்வெடுக்க மறுத்தார். தன் பிறந்தநாளன்றும் ஓடினார். கணுக்காலில் வீக்கம், நல்ல முழங்காலில் வலி, தலைசுற்றல். மருத்துவரிடம் போகச் சொன்னவர்களிடம் எரிந்து விழுந்தார். இதய சோதனைக்கும் ஒழுங்காகப் போகவில்லை. போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. ஆனால் வலியைத் தள்ளிப்போடும் பழக்கத்தை மட்டும் அவரிடமிருந்து யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வளரும் பிள்ளைக்குக் காலிலோ கையிலோ வலி வாரக்கணக்கில் நின்றால், அதுவும் இரவில் எழுப்புகிற வலியாக இருந்தால், வீக்கம் தெரிந்தால், எண்ணெய் போட்டு உருவிக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பெரும்பாலும் அது சாதாரண வலியாகத்தான் இருக்கும். பார்த்துவிடுவது நல்லது.

1980 செப்டம்பர் 1. தண்டர் பே நகருக்கு வெளியே டெர்ரி ஓடிக்கொண்டிருந்தார். இருமல் வந்தது. பிறகு நெஞ்சில் வலி. ரோட்டோரத்தில் ஆட்கள் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நிற்கும்போது நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை. ஆட்கள் இல்லாத இடம் வரும்வரை ஓடினார். பிறகு வேனில் ஏறி, மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்.

நுரையீரலுக்குப் புற்று வந்துவிட்டது.

143 நாளில் அவர் ஓடியது 5,373 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர்வரை சாலை வழியே ஏறத்தாழ 3,700 கிலோமீட்டர்தான். அதைத் தாண்டி இன்னும் 1,600 கிலோமீட்டருக்கு மேல், ஒற்றைக் காலில். அதுவரை சேர்ந்த பணம் 17 லட்சம் டாலர். பத்திரிகைக்காரர்களிடம் அவரே அழுதுகொண்டே செய்தியைச் சொன்னார். உங்களுக்காக நாங்கள் ஓடி முடிக்கிறோம் என்று பலர் முன்வந்தார்கள். வேண்டாம் என்றார். குணமாகி வந்து தானே முடிப்பதாகச் சொன்னார்.

ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஒரு தொலைக்காட்சி நிறுவனம் நிதி திரட்ட நிகழ்ச்சி நடத்தியது. சில மணி நேரத்தில் ஒரு கோடியே 5 லட்சம் டாலர் சேர்ந்தது. பள்ளிப் பிள்ளைகள் உண்டியல் உடைத்தார்கள். டெர்ரியின் வீட்டுக்குக் கடிதங்கள் வந்து குவிந்தன. ஊர் முழுவதற்கும் வருகிற கடிதங்களைவிட அவருக்கு வந்தவை அதிகம். ஒருவர் உறைமேல் "டெர்ரி ஃபாக்ஸ், கனடா" என்று மட்டும் எழுதிப் போட்டார். தெரு இல்லை, ஊர் இல்லை. அந்தக் கடிதமும் வந்து சேர்ந்தது.

1981 பிப்ரவரி 1 அன்று மொத்த வசூல் 2 கோடியே 41 லட்சம் டாலரைத் தாண்டியது. அப்போது கனடாவின் மக்கள்தொகையும் 2 கோடியே 41 லட்சம். தலைக்கு ஒரு டாலர் என்ற அந்தக் கணக்கு பலித்துவிட்டது. அதைப் பார்க்க டெர்ரி உயிரோடு இருந்தார். அப்போது இன்டர்ஃபெரான் என்ற மருந்து சோதனை நிலையில் இருந்தது. அதையும் அவருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. ஜூன் 28ஆம் நாள், தன் இருபத்து மூன்றாவது பிறந்தநாளுக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, குடும்பத்தார் சூழ்ந்திருக்க அவர் இறந்தார். நாடு முழுவதும் கொடிகள் தாழ்த்தப்பட்டன.

அந்த ஆண்டு செப்டம்பரில் அவர் பெயரால் ஓர் ஓட்டம் நடந்தது. ஷார்ப் முன்பே டெர்ரிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். மூன்று லட்சம் பேர் வந்தார்கள். ஓடினார்கள், நடந்தார்கள், சக்கர நாற்காலியில் உருண்டார்கள். 35 லட்சம் டாலர் சேர்ந்தது. யார் முதல், யார் இரண்டாவது என்று அதில் கிடையாது. நேரம் குறிப்பதில்லை, கோப்பை இல்லை. நுழைவுக் கட்டணம் இல்லை, முடிந்ததைக் கொடுக்கலாம். விளம்பரப் பலகை இல்லை. டெர்ரி வகுத்த அதே சட்டத்தை அவர் அம்மா பெட்டி ஃபாக்ஸ் 2011இல் தாம் இறக்கும்வரை காத்து நின்றார். இந்த ஓட்டம் பல நாடுகளுக்குப் பரவியது. சென்னையில் ஐ.ஐ.டி. வளாகத்தில் 2009இல் தொடங்கியது. எல்லாம் சேர்த்து இதுவரை ஆராய்ச்சிக்குத் திரண்ட பணம் 85 கோடி டாலருக்கு மேல்.

இன்று அதே வலியோடு, அதே வயதில் ஓர் இளைஞன் நல்ல மருத்துவமனைக்கு வந்தால் என்ன செய்கிறார்கள்? முதலில் மருந்து கொடுத்துக் கட்டியைச் சுருக்குகிறார்கள். பிறகு நோய் பிடித்த எலும்பை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உலோக மூட்டைப் பொருத்துகிறார்கள். அதன்பின் மறுபடியும் மருந்து. நுரையீரலுக்குப் பரவுமுன் வந்தவர்களில் பத்துக்கு ஆறு ஏழு பேர் பிழைக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் வீட்டுக்குத் திரும்புவது சொந்தக் கால்கள் இரண்டோடும்தான்.